திவான் இடம் மாறிய அன்று

"நான்தான் சொன்னேன்" என்றார் ஹேமாவதி. "அதக் கண்டுபிடிக்க டிடெக்டிவ் எதுக்கு? அன்னைக்கே ஒத்துக்கிட்டேனே."

கம்பத்துக்குத் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலில் தொங்கிய பன்னீர் திராட்சைக் கொத்துகள் தலையில் இடிக்காமலிருக்க ரெஹானா சற்றுக் குனிந்தே நின்றாள். தேனியில் துப்பறியும் நிறுவனம் நடத்துபவள். அதற்கு முன் மதுரையில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய உதவியாளன் சுருளியாண்டி. மினி பஸ் கண்டக்டராக இருந்து, பயணிகளிடம் வாய் கொடுத்தே வேலையைத் தொலைத்தவன்.

"மேடம், டிக்கெட் கிழிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்டாப் வந்துருச்சு" என்றான் அவன். "எறங்கிக்கலாமா?"

தோட்டத்தின் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் இந்த நரைத்த பெண்மணியைத் தேடித்தான் ஒரு வாரமாக அலைந்தார்கள். கண்டுபிடித்ததும் சொல்லச் சொல்லி, வேலையைக் கொடுத்தவர்கள் ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார்கள். ரெஹானா அதைச் சொன்னாள்.

"உங்கள மன்னிச்சுட்டதா சொல்லச் சொன்னாக. புத்தக வெளியீட்டு விழாவுக்கு நீங்க வரணுமாம்."

ஹேமாவதி தலை குனிந்துகொண்டார். கசப்பு மருந்தை மறுக்காமல் வாங்கி விழுங்குகிறவரைப் போல இருந்தது அந்த முகம்.

மன்னித்தது யார் என்றால், தேனியிலுள்ள ஆழ்மனப் பயிற்சிக் கழகம். நோயாளியைத் திவான் கட்டிலில் படுக்க வைத்து, மனதில் வருவதையெல்லாம் பேசவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து கேட்கிற வைத்தியத்தை அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். டாக்டர் சேக் பரீத் கல்கத்தாவில் அதைப் படித்துவிட்டு வந்து, காலியாகக் கிடந்த, ஏலக்காய் மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்துத் தொடங்கிய இடம். பைத்தியம் என்றால் கோயிலில் கட்டிப்போடுவார்கள் அல்லது தர்காவுக்குக் கூட்டிப்போவார்கள் என்றிருந்த காலத்தில், 'படுத்துப் பேசினால் சரியாகும்' என்று போர்டு மாட்டியவர் அவர். சிரித்த ஊரே பிறகு வரிசையில் நின்றது. அங்கே பயிற்சிக்குச் சேருகிறவர்களும் முதலில் தாங்களே அந்தத் திவானில் வருடக்கணக்கில் படுத்துப் பேசியாக வேண்டும் என்பது சட்டம்.

சேக் பரீத் போன வருடம் காலமாகிவிட்டார். இப்போதைய தலைவர் டாக்டர் ராஜா முகம்மது கழகத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார். அதில் ஒரு பக்கம் மட்டும் எழுத வராமல் நின்றது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் ஹேமாவதி.

முப்பது வருடங்களுக்கு முன் ஹேமாவதி அங்கே பயிற்சியில் இருந்தார். அவரிடம் வந்த நோயாளி முத்துவீரன், கம்பத்து ஜீப் டிரைவர். கேரள எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிச் சென்ற அவனுடைய ஜீப் கம்பம்மெட்டு வளைவில் உருண்டதில் சிலர் இறந்துபோனார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துவிட்டான். ஆனால் தூக்கம் போனது. ஒரு நாள் சாயங்காலம் திவானில் படுத்துக்கொண்டு, தான் கண்ணயர்ந்துவிட்டதைச் சொல்லி அழுதான். மறுநாள் விடியும்போது அது கம்பம் முழுக்கத் தெரிந்திருந்தது. செத்தவர்களின் சொந்தக்காரர்கள் அவன் வீட்டுக்குத் திரண்டு போனார்கள். மத்தியானம் முத்துவீரன் வாய்க்காலில் பிணமாகக் கிடந்தான். அவமானம் தாங்காமல் விழுந்துவிட்டான் என்றது ஊர்.

அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் செத்துப்போனான். ஆகவே வெளியே சொன்னவர் ஹேமாவதி.

"யார்கிட்ட சொன்னீக?" என்று கேட்டாள் ரெஹானா.

"அது ஞாபகம் இல்ல."

"எங்கன வச்சு?"

"பஸ் ஸ்டாண்டுல. ஒரு ஆளு. மூஞ்சி தெரியல."

சுருளியாண்டி காதோரம் முணுமுணுத்தான். "மூஞ்சி தெரியாத ஆளுக்கு எங்க பஸ்ஸுலகூட டிக்கெட் தர மாட்டோம்."

ரெஹானா நிமிர்ந்தாள். திராட்சை தலையில் இடித்ததை அவள் கவனிக்கவில்லை. விபத்து விசாரித்த காலத்தில் தப்பு செய்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறாள். தேதியை மறந்திருப்பார்கள், நேரத்தைக் குழப்புவார்கள். ஆனால் எதிரே நின்ற முகத்தை மறந்தவர் ஒருவரும் இல்லை.

"ஹேமாக்கா, அது ஞாபகமா, கனவா?"

"கனவு. மொதல்ல நான் சொல்லலன்னுதான் சாதிச்சேன். சேக் பரீத் அய்யா என்னையத் திவான்ல படுக்க வச்சு தினமும் பேச வச்சாக. 'சொல்லலன்னு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றே? அழுத்துற எடத்துலதான் வலி இருக்கும்'னாக. அய்யா சொல்றது எப்பவும் சரியாத்தான் இருக்கும். ஒரு மாசம் போச்சு. அப்புறம் அந்தக் கனவு வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல நின்னு யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு இருக்கேன். எந்திரிச்சதும் போயி ஒத்துக்கிட்டேன். மனசு லேசாயிருச்சுன்னு நெனச்சேன். ஆகல."

"அதுக்கப்புறம் கம்பத்துக்கே வந்துட்டீக."

"முத்துவீரனுக்கு ஒரு மக இருக்கா. முருகம்மா. ஜீப் ஸ்டாண்டுகிட்ட மெஸ் வச்சிருக்கா. மத்தியானம் அங்கதான் சாப்புடுவேன். நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது."

தேடிக் கண்டுபிடித்த பெருமையில் காலையிலிருந்து நிமிர்ந்து நடந்த ரெஹானாவுக்கு இப்போது வெட்கமாக இருந்தது. இவரிடம் போய் 'மன்னிச்சுட்டாக' என்று சொல்லிவிட்டோமே. சொன்னதைத் திரும்ப வாங்க வழியில்லை. கேள்வி கேட்கத்தான் வழி இருந்தது.

"ஊருக்கு என்ன தெரிஞ்சதுன்னு சொல்லுங்க. அப்பிடியே, அந்த வார்த்தையிலயே."

"'ஒரு நொடி கண்ணு செருகிருச்சு, முழிச்சா வளைவு காலடியில கெடந்துச்சு.' அவரு சொன்ன அதே வார்த்தை. டீக்கடையில எல்லாம் அதையேதான் சொன்னாக."

"அவரு அத்தோட நிறுத்திட்டாரா?"

"இல்ல. அதுக்கப்புறமும் பேசுனாரு."

"அது ஊருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அத நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவ வாயத் தொறந்து ஒரு உசுரு போனது போதும்."

"சொல்ல வேணாம். மொத பாதிக்கும் ரெண்டாம் பாதிக்கும் நடுவுல அந்த ரூம்ல என்ன மாறுச்சு? அது மட்டும் சொல்லுங்க."

ஹேமாவதி யோசித்தார். "கரண்ட் வந்துச்சு. அதுவரைக்கும் கரண்ட் இல்ல. ஃபேன் சுத்த ஆரம்பிச்சதும் அவரு பேச்சு சரியா கேக்கல. சேர இழுத்துத் தலமாட்டுக்குப் பக்கத்துல போட்டுக்கிட்டேன்."

"சுருளி, வண்டிய எடு" என்றாள் ரெஹானா.

உத்தமபாளையம் தாண்டும்வரை சுருளியாண்டி பொறுத்துப் பார்த்தான். பிறகு முடியவில்லை.

"மேடம், ஃபேன் சுத்துனதுக்கு நாம ஏன் சுத்துறோம்?"

"ஹேமாக்கா சொல்லியிருந்தா முழுசும் தெரிஞ்ச ஆளு சொன்ன மாதிரி இருந்திருக்கும். ஊருக்குப் போனது பாதி. அதுவும் ஒரு வார்த்தை மாறாம. கரண்ட் வர்ற வரைக்கும் கேட்டு, வந்ததும் கேக்க முடியாமப் போன ஆளு வேற யாரோ ஒருத்தன்."

"அப்ப ரூமுக்குள்ள மூணாவது ஆளா?"

"ரூமுக்குள்ள இல்ல."

தேனியில் அந்தக் கிட்டங்கிக் கட்டடம் இன்னும் அப்படியே இருந்தது. ராஜா முகம்மது வகுப்பில் இருந்ததால் பியூன்தான் சிகிச்சை அறையைத் திறந்துவிட்டான். ஜன்னலோரம் தேக்குத் திவான். எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு புத்தக அலமாரி. தரை பழைய சிவப்புச் சிமெண்ட்.

ரெஹானா போன வாரமே இந்த அறையைப் பார்த்திருந்தாள். சேக் பரீத்தின் படத்துக்குக் கீழே நின்று ராஜா முகம்மது பெருமையாகக் காட்டினார். 'மொத நாள்ல இருந்து இந்தத் திவான் இதே ஜன்னலோரந்தான். எதையும் மாத்தல' என்றார். அப்போது அவள் தரையைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள்.

அலமாரிக்கு முன்னால் சிமெண்டில் நான்கு பள்ளங்கள். கனமான கால்கள் பல வருடம் நின்று அழுத்தியவை. பியூனையும் சுருளியாண்டியையும் வைத்து அலமாரியை நகர்த்தினாள். பின்னால், சுவரில் முழங்கால் உயரத்தில் வரிசையாகத் துளைகள். ஏலக்காய் மூட்டைகள் புழுங்காமலிருக்கக் காற்று வரட்டும் என்று வைத்தவை.

"இங்கன படு" என்றாள்.

"தரையிலயா?"

"நாலு பள்ளத்துக்கும் நடுவுல. தல சுவத்துப் பக்கம். மனசுல இருக்கறதச் சொல்லு. மெதுவா."

"மேடம், என் மனசுல இருக்கறது எல்லாம் வெளிய சொல்ற மாதிரி இல்ல."

"அதான் வேணும்."

ரெஹானா தெருவுக்கு வந்து சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த செல்போன் கடைக்குள் நுழைந்தாள். கல்லாவில் இருந்த இளம்பெண் திரிஷா, முதலாளியின் மகள். சார்ஜர் எடுக்கப் போனவளிடம் ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள் ரெஹானா.

கண்ணாடிப் பெட்டிக்குக் கீழேயிருந்து சுருளியாண்டியின் குரல் தெளிவாக வந்தது. "...எங்க மேடம் துப்பு துலக்குறதுல கெட்டி. கார் ஓட்டுறதுலதான் கொஞ்சம் மட்டம். தேனியில போட்ட ரெண்டாவது கியர கம்பத்துல போயித்தான் எடுப்பாக. யாருகிட்டயும் சொல்லிராதீக..."

திரிஷா சிரித்தாள். "கரண்ட் போனா லேசா முணுமுணுன்னு கேக்கும்க்கா. பேய்னு சொல்லி ஒரு பையன் வேலைய விட்டே ஓடிட்டான்."

ரெஹானா ஃபேனைப் போடச் சொன்னாள். குரல் காணாமல் போனது.

"முன்னாடி இது என்ன கடைம்மா?"

"டெய்லர் கடைன்னு அப்பா சொல்லுவாக. ஜீப் டிரைவருக எல்லாம் காக்கி தைக்க இங்கனதான் வருவாகளாம். அந்த டெய்லர் செத்தே ரொம்ப நாளாச்சு."

காக்கி அளவு கொடுக்க வந்து நின்ற ஏதோ ஒரு டிரைவரின் காதில் விழுந்திருக்கிறது. கடைசி ட்ரிப்பில் அது கம்பத்துக்கு ஏறிப் போயிருக்கிறது. அந்தப் பெயர் இனிக் கிடைக்காது. ரெஹானாவுக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. வேறொரு பெயர் கிடைத்துவிட்டது.

அவள் திரும்பி வந்தபோது ராஜா முகம்மது அறை வாசலில் நின்றிருந்தார். உயரமான மனிதர். வெள்ளைத் தாடி. தரையில் படுத்திருந்த சுருளியாண்டியைப் பார்த்தபடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"டாக்டர், திவான எப்ப நகத்துனீக?"

"அது... அய்யா இருந்தப்ப..."

"மொத நாள்ல இருந்து ஜன்னலோரந்தான்னு போன வாரம் சொன்னீக. சாமான் எங்கன கெடந்துச்சுங்கறதுக்கு யாரும் பொய் சொல்ல மாட்டாக. அதுல ஏதாவது இருந்தாத்தான் சொல்லுவாக. இது தேக்கு. ஒரு ஆளு தூக்க முடியாது. அய்யா ஒரு பக்கம் புடிச்சா, இன்னொரு பக்கம் புடிச்சது யாரு?"

ராஜா முகம்மது உள்ளே வந்து உட்கார்ந்தார். திவானின் ஓரத்தில்தான் உட்கார்ந்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

"ஹேமாவதி போன மறுவாரம் பேண்ட் தைக்கக் குடுக்கப் போனேன்" என்றார். "கரண்ட் இல்ல. டெய்லர் அளவெடுத்துக்கிட்டு இருக்காரு. சுவத்துக்குள்ள இருந்து அய்யாவோட குரல் கேக்குது. யாரோ ஒரு பொம்பள அழுகுறதும் கேக்குது. டெய்லர் தலையக்கூட நிமித்தல. அவருக்கு அது பழகிப்போச்சு. நான் ஓடிவந்து அய்யாகிட்ட சொன்னேன். அன்னைக்கு சாயங்காலமே ரெண்டு பேரும் நகத்துனோம்."

"ஓட்டைய ஏன் அடைக்கல?"

"கொத்தனாரு வந்தா ஏன்னு கேப்பாருன்னு அய்யா சொன்னாக. திவான நகத்துனா யாரும் கேக்க மாட்டாக."

"ஹேமாவதிய ஏன் கூப்புடல?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூப்புடுவோம்னு சொன்னேன். அய்யாதான் அவ ஒத்துக்கிட்டது அவளோட உண்மை, சுவரு வேற மனசு வேறன்னாக. வெளிய தெரிஞ்சா இங்கன ஒருத்தரும் வாயத் தொறந்து பேச மாட்டாக, கழகத்த மூட வேண்டியதுதான்னாக. நான் அப்ப அவருகிட்டதான் படுத்துப் பேசிக்கிட்டு இருந்தேன். என் பயிற்சி முடிஞ்சதுன்னு அவரு சொன்னாத்தான் முடிஞ்சது. பேசாம இருந்துட்டேன். அப்புறம் பேசாம இருந்ததே பழகிப்போச்சு. ஆயிரம் பேரோட குத்த உணர்ச்சியக் கேட்டிருக்கேன். என்னோடத நான் யாருகிட்டயும் படுத்துச் சொல்லல."

"அய்யா மௌத்தானதுக்கப்புறம்கூட அவங்கள மன்னிக்கத்தான் ஆளு அனுப்புனீக."

"அவ மொகத்தப் பாத்தாலாவது எனக்கு வாய் வரும்னு நெனச்சேன்."

"தன்னையப் புடிக்கத் தானே டிடெக்டிவ் வச்ச மொத கஸ்டமர் நீங்கதான் டாக்டர்" என்றான் சுருளியாண்டி. ஆனால் அதில் கேலி இல்லை.

"காலையில வண்டி வரும்" என்றாள் ரெஹானா. "நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

மறுநாள் திராட்சைப் பந்தலின் கீழே அவர் சொன்னார். நின்றுகொண்டேதான் சொன்னார், ஒன்றையும் விடவில்லை. ஹேமாவதி குறுக்கே பேசாமல் கேட்டார். அப்படிக் கேட்கத்தானே அவர் பயிற்சி எடுத்திருந்தார். முடிந்ததும் பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று ரெஹானா நினைத்தாள். அழவில்லை.

"அந்தப் புத்தகம்" என்றார் ஹேமாவதி. "அதுல என் பேர போடாதீக. முத்துவீரன் பேரயும் போடாதீக. உங்க பேர போடுங்க."

"போடறேன்."

"அப்ப நான் ஒண்ணும் சொல்லல. என் வாயில இருந்து போகல." தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது போலச் சொன்னார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "வாங்க. எனக்கு ஒரு எடத்துல சொல்ல வேண்டியிருக்கு."

ஜீப் ஸ்டாண்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. முருகம்மாள் ஈரத்துணியால் மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா செத்தபோது அவள் கைக்குழந்தை. தினமும் வரும் அக்கா இன்று மூன்று பேரோடு வருவதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"என்னக்கா, இவ்வளவு நேரங்கழிச்சு? ரசந்தான் இருக்கு."

"சாப்புட வரல முருகம்மா. உக்காரு. ஒங்கப்பாவப் பத்தி."

முருகம்மாளின் கை நின்றது. அந்த ஸ்டாண்டில் தான் யார் மகள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அசந்து தூங்கி ஆளைக் கொன்றுவிட்டு, பொய் சொல்லி மறைத்து, மாட்டிக்கொண்டதும் செத்தவன் என்று ஒரு பெயரை அங்கே யார் சொல்லிக்கொள்வார்கள்?

ஹேமாவதி தான் யார் என்பதைச் சொன்னார். அந்தச் சாயங்காலத்தைச் சொன்னார். முதல் பாதியை முருகம்மாளும் பிறந்ததிலிருந்து கேட்டிருந்தாள். பிறகு, யாரும் கேட்காத மீதிக்கு வந்தார்.

"கரண்ட் வந்ததுக்கப்புறம் ஒங்கப்பா சொன்னாக. 'என்னால மூடி வச்சுக்கிட்டு இருக்க முடியல. நாளைக்குக் காலையில மொத வேலையா ஸ்டேஷனுக்குப் போயிச் சொல்லிரப் போறேன். உள்ள போடட்டும். வெள்ளச் சட்ட ஒண்ண அயர்ன் பண்ணி வச்சிருக்கேன்'னாக. அதச் சொல்றப்பத்தான் அவரு அழுகைய நிறுத்துனாரு."

முருகம்மாள் உட்காரவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளச் சட்டையா?"

"ஆமா."

"வாய்க்கால்ல இருந்து எடுத்தப்ப அவரு மேல வெள்ளச் சட்டதான் இருந்துச்சாம்" என்றாள் மெதுவாக. "காக்கி போடாம ஏன் அன்னைக்கு வெள்ளச் சட்ட போட்டாருன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சாகப் போற ஆளு எதுக்கு அயர்ன் பண்ணுன சட்ட போடணும்னு கேக்கும். நாங்கதான் அதட்டி வாய மூட வைப்போம்." மூச்சை இழுத்தாள். "அந்த வாய்க்கா ஸ்டேஷனுக்குப் போற வழியிலதான் இருக்கு."

வெளியே ஒரு ஜீப்காரன் 'நெடுங்கண்டம், நெடுங்கண்டம்' என்று கூவிக்கொண்டிருந்தான்.

"அப்ப அவரு சாகப் போகல" என்றாள் முருகம்மாள். "ஸ்டேஷனுக்குப் போயிருக்காரு. வழியில மறிச்சிருக்காக."

ரெஹானா தலையசைத்தாள். அதை நிரூபிக்க ஒன்றும் மிச்சமில்லை. மறித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மிச்சப் பேர் இந்த மெஸ்ஸிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அதை அவள் சொல்லவில்லை. முருகம்மாளுக்கு அது தெரியாமலும் இருக்காது. சுருளியாண்டி எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மூடிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றான். அவன் கண்களைத் துடைத்துக்கொண்டதை ரெஹானா பார்க்காததுபோல இருந்தாள்.

வாசலிலேயே நின்றிருந்த ராஜா முகம்மதுவை முருகம்மாள் அப்போதுதான் கவனித்தாள்.

"இவரு யாரு?"

ஹேமாவதி பதில் சொல்லவில்லை. ரெஹானாவும் சொல்லவில்லை. முருகம்மாள் இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மேஜைக்கு எதிரே போட்டாள். இன்னொன்றில் தானும் உட்கார்ந்தாள்.

"உள்ள வாங்க" என்றாள். "எனக்கு அவசரம் இல்ல. மொதல்ல இருந்து சொல்லுங்க."

ராஜா முகம்மது செருப்பை வாசலில் கழற்றினார். உள்ளே வந்து, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, முதலில் தன் பெயரைச் சொன்னார்.